வகிடு

…நிறுத்தினால் மறுபடியும் கொட்டிவிடும் என்றால் அதற்கு எதற்கு மருந்து என்று பெயர், காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சலும் போகிறது மாத்திரையும் போகிறது, இது அப்படி இல்லையாம், தினமும் ராத்திரி சொட்டுச் சொட்டாக உச்சியில் விட்டு விரலால் தடவிக்கொள்ள வேண்டும், முடியில் இல்லை, தோலில் பட வேண்டும், இன்றைக்குத் தடவினால் நாளைக்குத் தெரியாது, நாலு மாசமோ ஆறு மாசமோ போனால்தான் ஏதாவது தெரியும், அதுவரைக்கும் பொறுமையா இருக்கணும்மா என்று டாக்டரம்மா சொன்னார், பொறுமை என்ற சொல் காதில் விழுந்ததும் கோகிலவாணிக்கு முகம் சூடேறியது, இந்த நாலு வருஷமாக வேறு என்ன செய்துகொண்டிருக்கிறாள் அவள்? இதில் இன்னொரு கூத்து, ஆரம்பித்த சில வாரம் இப்போது கொட்டுவதைவிட ஜாஸ்தியாகக் கொட்டலாமாம், பயந்து நிறுத்திவிடக் கூடாதாம்… கொட்டாமல் இருக்க ஒரு மருந்து, போட்டால் முதலில் கொட்டும், கேட்டால் பழைய முடி விழுந்து புதுசுக்கு வழி விடுகிறதாம், இதைப் போய் யாரிடம் சொல்வது, மாமியாரிடமா? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மூங்கில்துறைப்பட்டு பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றது, ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது, மற்றவர்கள் என்றால் சந்தோஷப்படுவார்கள், அவளுக்கு ஜன்னலோரம் என்றால் காற்று, காற்று வந்தால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இந்தப் பக்கத்து முடியை எடுத்து அந்தப் பக்கம் போட்டுக் குத்தி வைத்த ஊசியெல்லாம் வீண், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், மடியில் மெடிக்கல் கவர் இருந்தது, உள்ளே மருந்துப் பெட்டியும் இரும்புச்சத்து மாத்திரையும்.

துணிக்கடையில் அரை நாள் லீவு கேட்டபோது முதலாளி பக்கீர் முகமது பாய் ஏன் என்று கூடக் கேட்கவில்லை, போய்ட்டு வாம்மா என்றார், அவருடைய மருமகள் கமர் ஜஹான் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்க வேண்டும், அந்த அக்கா இல்லையென்றால் இந்த டாக்டரிடம் வந்தே இருக்க மாட்டாள்… அன்றைக்கு ஆடித் தள்ளுபடி, நிற்க இடமில்லாத கூட்டம், ஒரு பெண்மணி எந்தப் புடவையைப் பார்த்தாலும் கட்டிக் காட்டு கட்டிக் காட்டு என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள், கீழே சரிந்த புடவைகளைக் குனிந்து அள்ளிக்கொண்டே கோகிலவாணி தற்செயலாகக் கல்லாப்பெட்டிக்கு மேலே இருந்த கேமரா டிவியைப் பார்த்தாள், கட்டம் கட்டமாகக் கடை முழுக்கத் தெரிந்தது, ஒரு கட்டத்தில் ஒரு பொம்பளை குனிந்திருந்தாள், மேலே இருந்து பார்க்க உச்சி முழுக்க வெள்ளையாக, வகிடு என்று சொல்ல முடியாது, யாரோ விரலால் வழித்துவிட்ட மாதிரி, ஐயோ பாவம், யாருக்கு இந்த வயசில் இப்படி என்றுதான் முதலில் தோன்றியது, அந்தப் பொம்பளை கையில் பச்சைப் புடவை, தன் கையிலும் பச்சைப் புடவை… தன்னைத்தானே பாவம் என்று நினைத்துவிட்ட அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்குப் பிறகு கண்ணாடி பார்ப்பதற்கே வெறுப்பாகிவிட்டது, கண்ணாடி முன்னால் இருந்து காட்டுகிறது, அதை ஏமாற்றலாம், வகிட்டில் கண்மை தடவலாம், குங்குமத்தை அகலமாக இழுத்துவிடலாம், ஒருநாள் வேர்வையில் மை வழிந்து நெற்றியில் கறுப்பாகக் கோடிட்டபோது வாடிக்கையாளரின் குழந்தை அம்மா அந்த அக்கா அழறாங்க என்றதே, அதையும் சிரித்துச் சமாளித்தாள், கேமராவை என்ன செய்வது? கமர் ஜஹான் கல்லாவில் இருந்து பார்த்துவிட்டார், சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தித் தலையில் இருந்த துப்பட்டாவை எடுத்தார், அவருக்கும் உச்சி தெரிந்தது, ஆனால் ஓரமெல்லாம் குட்டி குட்டியாகப் புது முடி.

"போன வருசம் இத்தவிட மோசம் கோகிலா. ஆரும் பாக்கலியே, போத்திக்கினுதானே இருக்கே, உனக்கு இன்னா கவலன்னு வூட்ல எல்லாரும் கேட்டாங்க. ஆரும் பாக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் எண்ணெய் பேர் சொல்லாமல் பேசியது… பஸ் ஒருவழியாகக் கிளம்பியது, பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் முருங்கைக்காய்க் கட்டைக் காலடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்த கையோடு கவரைப் பார்த்தாள், பெட்டியில் அருவி மாதிரி முடியோடு ஒரு பெண்ணின் படம் போட்டிருந்தது, கவரைத் திருப்பி வைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"முடிக்கா? இந்த இங்கிலீசு மருந்தெல்லாம் வாணாம்மா, கரிசலாங்கண்ணி அரச்சி நல்லெண்ணையில காய்ச்சித் தேயி. எங்க அக்கா பொண்ணுக்குத் திகுதிகுன்னு வளந்துகினு வந்துச்சி."

"சரிங்கம்மா."

"அப்புறம் டென்சன் ஆவக் கூடாது. டென்சன் ஆனாத்தான் முடி கொட்டறது."

டென்ஷன் ஆகக்கூடாதாம், இதைக் கேட்டுக் கேட்டுத்தானே டென்ஷனே, கரிசலாங்கண்ணி தேய்க்காமலா விட்டாள், செம்பருத்தி, வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயச் சாறு, வெங்காயம் தேய்த்துக்கொண்டு கடைக்குப் போன அன்றைக்கு எத்தனை தடவை குளித்தும் நாற்றம் போகாமல் கூட வேலை செய்யும் அபிநயா தள்ளித் தள்ளி நின்றாள், போனைத் திறந்தால் முடி, ஒரு தடவை தேடிப் பார்த்த பாவத்துக்கு எந்த வீடியோ பார்த்தாலும் நடுவில் யாராவது வந்து முப்பதே நாளில் என்கிறான், முப்பது நாளில் எல்லாருக்கும் எல்லாமும் முளைக்கிறது, அவளுக்கு மட்டும் வீடு முழுக்க முடி, விளக்குமாற்றில் முடி, குளியலறை ஓட்டையில் பந்து பந்தாக முடி, அன்றைக்குப் புருஷன் வெற்றிவேல் சாப்பிடும்போது சோற்றில் நீளமாக ஒன்று, பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், கத்தியிருக்கலாம், தட்டைத் தள்ளியிருக்கலாம், அவன் மெதுவாக உருவி எடுத்துத் தட்டுக்குக் கீழே போட்டுவிட்டு ரசம் ஊத்து என்றான்… அந்த நல்ல குணம்தான் தாங்கவில்லை, ராத்திரி படுக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதாள், எதற்கு அழுகிறாய் என்று அவன் கேட்டான், என்னவென்று சொல்வது, நீ கத்தவில்லை என்று அழுகிறேன் என்றா? அவன் நெற்றியும்தான் வருஷா வருஷம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்காக அவனை யாரும் மலை ஏற்றவில்லை.

மலை… சங்கராபுரம் தாண்டியதும் இடது பக்கம் கல்வராயன் நீலமாகத் தெரிய ஆரம்பித்தது, முருங்கைக்காய் அம்மாள் சங்கராபுரத்திலேயே இறங்கிவிட்டாள், பக்கத்து இடம் காலி, கோகிலவாணிக்கு அந்த மலையைப் பார்த்தாலே நாக்கில் கசப்பு ஊறுகிறது, போன வருஷம் மாமியார் குஞ்சம்மாள்தான் சொன்னாள், வெள்ளிமலையில் இருசப்பன் என்று ஒருத்தர் எண்ணெய் காய்ச்சித் தருகிறாராம், உன் தலைக்கு வாங்கியாரலாம் வா என்று, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்கு, கலியாணமாகி வந்ததிலிருந்து அத்தை தனக்காக ஒரு இடத்துக்குக் கூட்டிப்போவது அதுதான் முதல் தடவை, பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அத்தைக்குக் குமட்டியது, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள், இத்தனை கஷ்டப்படுகிறார்களே நமக்காக என்று கோகிலவாணி முதுகைத் தடவிக்கொடுத்தாள், வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப் பிடித்து, சாமைக் கொல்லையை ஒட்டின வீட்டில் அந்தப் பெரியவர் பழைய சர்பத் பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார், கிளம்பலாம் என்று எழுந்தால் அத்தை எழுந்திருக்கவில்லை.

"முடிக்கு ஆச்சி. அதுக்கும் குடுங்க."

"எதுக்கு?"

"பேரனுக்குத்தான். ஒரே பொட்டப் புள்ளையோட நிக்குது."

இருசப்பன் அத்தையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், உனக்கு வேணுமா தாயி என்று கேட்டார், கேட்டது அவளைத்தான், ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள், வேணாம்னு ஆருனா சொல்லுவாங்களா, குடுங்க… ஆக, எலுமிச்சம்பழமும் குமட்டலும் எல்லாம் அதற்குத்தான், தலைமுடி ஒரு சாக்கு, வீட்டுக்கு வந்ததும் விடியற்காலையில் எழுந்து பெரியவர் கொடுத்த மரப்பட்டையைக் காய்ச்சி வடிகட்டி டம்ளரோடு எதிரில் நின்றாள் அத்தை, குடித்து முடிக்கிற வரைக்கும் நகரவில்லை, திட்டவும் இல்லை, அதட்டவும் இல்லை, கடைசி வாய் உள்ளே போனதும் ஒரு கட்டி வெல்லத்தை நீட்டினாள், வெல்லம் கொடுக்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? எண்ணெய் தேய்த்ததில் தலையெல்லாம் கொப்புளம் வந்ததுதான் மிச்சம், கஷாயத்தில் ஒன்றும் வரவில்லை, ஒன்றும் வராததற்கு அத்தை மாசா மாசம் அவள் முகத்தைப் பார்த்தாள், அவளும் மாசா மாசம்… சரி, அதை எதற்கு இப்போது நினைப்பது.

டாக்டரம்மா நல்லவர்தான், அவர்மேல் ஏன் கோபம் வருகிறது? ஒரு சின்னக் கருவியை உச்சியில் வைத்துத் திரையில் பெரிசாக்கிக் காட்டினார், சில முடி கம்பியாக, சில முடி பூனைமுடி மாதிரி, இங்க பாரும்மா, முடி வளரும், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும், விழும், அதே இடத்துல மறுபடி முளைக்கும், உனக்கு ஒவ்வொரு தடவை முளைக்கிறப்பவும் முன்னவிட மெலிசா முளைக்குது, அதான் வகிடு அகலமாத் தெரியுது என்றார், அது அவளுக்கு உடனே புரிந்தது, மறுதாம்பு, வெட்டின கரும்புக் கட்டையிலிருந்தே திரும்பத் திரும்ப விளைய விட்டால் வருஷத்துக்கு வருஷம் கழி மெலிந்துகொண்டே போகுமே, வெற்றிவேல் ஆலைக்கு ஏற்றிப்போகிற டிராக்டரில் பார்த்தாலே தெரியும் எது புதுக்கரும்பு எது மறுதாம்பு என்று, கரும்புக்காவது கட்டையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் புதுசாக நடலாம்… பிரசவத்துக்கு அப்புறம் மூணாம் மாசம் கொத்துக் கொத்தாகக் கொட்டியதைச் சொன்னாள், மகள் தேவதர்ஷினி முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த நேரம் அது, புள்ள சிரிச்சா தாய்க்கு முடி கொட்டும் என்றார்கள், பாவம் அந்தக் குழந்தை சிரிக்கிறபோதெல்லாம் இவள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், டாக்டரம்மா சிரித்துவிட்டார், குழந்தை சிரிக்கிறதும் முடி கொட்டறதும் ஒரே சமயத்துல வரும், அவ்வளவுதான், உடம்பு ஒரு பெரிய அதிர்ச்சியிலிருந்து மீண்டா அப்படிக் கொட்டும், அது தானாத் திரும்பி வந்திருக்கணும், உனக்கு வராததுக்குக் காரணம் ரத்தத்துல இரும்புச்சத்து இல்ல, அதோட இந்த மெலிசாகிற வாகு வேற சேர்ந்திருக்கு, அம்மாவுக்கு எப்படி என்று கேட்டார், அம்மாவுக்கா, அம்மா எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் சவுரி வைத்துத்தான் கொண்டை போடுவாள், அதைப் பீரோவில் தாளில் சுற்றி வைத்திருப்பாள், அது அழகுக்கு என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள், அம்மா ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மட்டும்?

ஊசி இருக்காமே மேடம், நம்ம ரத்தத்தையே எடுத்துத் தலையில் போடுவார்களாமே, வீடியோவில் பார்த்தேன் என்று கேட்டாள், இருக்கு, பல தடவை வரணும், வலிக்கும், சிலருக்குக் கேட்கும் சிலருக்குக் கேட்காது, முதல்ல இதைப் போட்டுப் பார்ப்போம் என்றார், எண்ணெய்? எண்ணெய் வச்சா முடி பளபளப்பா இருக்கும், உடையாது, எண்ணெயால புதுசா முளைக்காது… நாலு வருஷத்து எண்ணெயும் ஒரு வரியில் முடிந்தது. பிறகு எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், அடுத்த குழந்தைக்கு ஏதாவது யோசனை இருக்காம்மா, ஏன்னா இருந்தா இதைத் தர முடியாது, இரும்புச்சத்து மட்டும்… என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, இல்லைங்க என்றுவிட்டாள். சொல்லி முடிக்கவே இல்லை அவர். இரும்புச்சத்து மட்டும் எடுத்துக்கொண்டு குழந்தை பிறந்து பால் மறக்கடித்த பிறகு இதைத் தொடங்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று சொல்லத்தான் வந்தார், பிறகு சொல்லவும் சொன்னார், நல்லா யோசிச்சிச் சொல்லும்மா, வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுக்கிறியா என்றார், அப்போதும் இல்லைங்க மேடம், வேணாங்க, எழுதுங்க என்றாள், அந்தக் குரல் யாருடையது? கடையில் விலை குறைக்கக் கேட்கிறவர்களிடம் பேசுகிற குரல் மாதிரி இருந்தது, பிக்சட் ரேட்டுங்க என்கிற குரல்.

அப்படியென்றால் முடிக்காகப் பிள்ளை வேண்டாம் என்றுவிட்டாளா, நாலு பேர் கேட்டால் அப்படித்தானே சொல்வார்கள், மயிருக்காகப் பிள்ளையை வேண்டாம் என்றவள் என்று… முடிக்காகத்தானா? கஷாயம் குடித்த மாசங்களில் ஒவ்வொரு தடவையும் வயிறு வலித்துத் தூரமானபோது அத்தை முகம் சுருங்கும், அவள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விடுவாள், அது வருத்தம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், வருத்தப்பட வேண்டிய நேரம் என்பதால் வருத்தம் என்று பேர் வைத்துக்கொண்டாள், தேவதர்ஷினியைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததும், தலைமாட்டில் நின்று நர்ஸம்மா கண்ணை மூடாதம்மா மூடாதம்மா என்று கன்னத்தில் தட்டியதும், அதை வீட்டில் யாரும் பேசுவதில்லை, நல்லபடியாப் பொறந்துச்சி என்று முடித்துவிடுகிறார்கள், அவளும் முடித்துவிட்டாள், முடிந்துவிட்டதா? முடி கொட்டினால் எல்லாரும் பார்க்கிறார்கள், ஆளுக்கு ஒரு எண்ணெய் சொல்கிறார்கள், இதற்கு யார் என்ன சொன்னார்கள்? முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது, டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார், வழி கிடைக்கவில்லை, அவளுக்கு அந்த ஹாரனோடு சேர்ந்து கத்த வேண்டும் போல இருந்தது.

ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது வெற்றிவேல் பைக்கோடு நின்றிருந்தான், டேங்க் மேல் தேவதர்ஷினி, கையில் பாதி தின்ற பிஸ்கட், அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"டாக்டரம்மாங்க."

"சரி, அந்தம்மா இன்னா சொன்னாங்க?"

"மருந்து குடுத்துருக்காங்க. தெனம் போடணும்."

"எத்தினி நாளிக்கி?"

"நாளு கணக்கெல்லாம் இல்ல, போட்டுகினே இருக்கணும்." கவரை வயர்கூடைக்குள் திணித்துக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "போட்டுகினு இருக்கற வரிக்கும் புள்ள உண்டாவக் கூடாதாம்."

வெற்றிவேல் பிள்ளையின் சட்டையில் உதிர்ந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டான், ரொம்ப நேரம் தட்டினான், அங்கே அவ்வளவு தூள் இல்லை. "டாக்டரே வாணான்னுட்டாங்களா?" என்றான். அவள் வயர்கூடையின் வாயை இழுத்து மூடினாள். "சரி வுடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். டாக்டரே சொல்ட்டாங்கன்னா அது ஒன்னும் பேசாது."

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது, இனி கஷாயம் இல்லை, மாசா மாசம் முகம் பார்ப்பது இல்லை, அத்தையும் டாக்டர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச மாட்டாள், அவன் குரலில்கூட ஒரு நிம்மதி தெரிந்ததே, இல்லை, அவளுக்குத்தான் அப்படிக் கேட்டதா, அவனும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன்தானே, கேட்டதே இல்லை அவனை… இதற்கு மேல் என்ன வேண்டும் அவளுக்கு, பின்னால் ஏறி உட்கார வேண்டியதுதான், உட்காரவும் செய்தாள், ஆனால் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது, மலையில் அந்தப் பெரியவர் கேட்டதற்கு அத்தை பதில் சொன்னாள், இப்போது வீட்டில் கேட்டால் டாக்டர் பதில் சொல்லப் போகிறார், டாக்டர் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே, கேட்க மட்டும்தானே செய்தார். வண்டி கிளம்பி ஊருக்குள் திரும்பும்போது அவன் தோள் பக்கம் குனிந்து சொன்னாள்.

"டாக்டரு சொல்லலீங்க. நாந்தான் சொன்னேன்."

"இன்னா?" வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. வேகத்தைக் குறைத்துத் தலையைப் பாதி திருப்பினான். "இன்னா சொன்னே?"

டாக்டரம்மாவிடம் அது தானாக வாயிலிருந்து விழுந்துவிட்டது, இப்போதும் ஏதோ ஒரு வேகத்தில் வந்துவிட்டது, இன்னொரு தடவை சொல்வதென்றால் தெரிந்தே, அவளாகவே சொல்ல வேண்டும்… அவன் காத்திருந்தான், தேவதர்ஷினியும் என்னம்மா என்று எட்டிப் பார்த்தாள், வீடு அதற்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.